அக்காவின் கையில் கத்தரிக்கோல்

என் இடக்கையை யாராவது சட்டென்று பிடித்தால் நான் மணிக்கட்டை உள்ளே இழுத்துக்கொள்வேன். போன மாதம் கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்க வந்த தாதிப் பெண்ணிடமும் அப்படித்தான் செய்தேன். "என்னாக்கா, அறுத்தா எடுக்கப் போறேன்?" என்று அவள் சிரித்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

நான் ஓரிடத்தில் நிலைத்தவள் இல்லை. கேமரன் மலையில் காய்கறி கட்டினேன், பினாங்கில் தங்குவிடுதி அறைகளைக் கழுவினேன், ஜெஞ்சாரோமில் செம்பனை லோரிகள் நிற்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு வருடம் ரொட்டி மாவு பிசைந்தேன், ஜொகூரில் துணி ஆலையில் இருந்தேன். எங்கே போனாலும் விண்ணப்பத்தில் கல்வி என்ற இடத்தில் 'படிவம் மூன்று' என்று எழுதுவேன். ஒன்பதாம் வகுப்புக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை. படிவம் மூன்று வரை நான் படித்தது என்ன என்று கேட்டிருந்தால் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஆனால் படிவம் ஒன்றில் நடந்த ஒரு காரியத்தை மட்டும் நாள் பிசகாமல் சொல்வேன்.

அப்போது நாங்கள் கிள்ளானில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஏழாவது மாடியில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். அதற்கு முந்தின வருடக் கடைசியில் அவர் வலது காலில் இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று சரிந்து விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. புண்தான் ஆறவில்லை. அவருக்கு இனிப்பு நீர் உண்டு. மருத்துவர்கள் சில வாரம் பார்ப்போம் என்றார்கள், ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அப்பா இதைக் கேட்டுவிட்டு, இனிமேல் செருப்பு ஒரு கால் வாங்கினால் போதும் என்று சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்து, தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மூன்று பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். ஒன்று அவளுக்கு, ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த சிறிய கோயிலில் பூசாரி எங்கள் மூவர் கையிலும் காப்புக் கட்டினார். மஞ்சள் தடவிய நூல், நடுவில் விரல் நுனியளவு மஞ்சள் துண்டு, மூன்று முடிச்சு. பத்துமலையில் பால் ஊற்றும்வரை அவிழ்க்கக் கூடாது என்றார். திரும்பி வரும்போது மின்தூக்கியில் அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பத்திரமா வச்சிக்கடி. இது மட்டும் அறுந்துச்சின்னா..."

அதற்குள் ஏழாவது மாடி வந்து கதவு திறந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆன்டி நின்றிருந்தாள். அம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. நான் முடித்துக்கொண்டேன். நூல் அறுந்தால் அப்பாவின் கால் போய்விடும். பதினான்கு வயதில் எனக்கு இதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. தைப்பூசத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஆறாம் வகுப்பில் மலாய் சரியாக வராததால் இடைநிலைப்பள்ளியில் என்னைப் புகுமுக வகுப்பில் போட்டார்கள். ஒரு வருடம் முழுக்க மலாய் மட்டும் படித்துவிட்டு அப்புறம்தான் படிவம் ஒன்று. ஆகவே என் வகுப்பில் எல்லாரும் என்னைவிட ஒரு வயது இளையவர்கள். வகுப்பில் நாங்கள் மூன்றே தமிழர்கள், அதில் பெண் நான் ஒருத்தி. பின் வரிசையில் நான்கைந்து பையன்கள் இருந்தார்கள். நான் கடந்து போனால் மூக்கைப் பொத்துவார்கள். மின்விளக்கை அணைத்துவிட்டு, "ஐயோ, அவளைக் காணோமே" என்று தேடுவார்கள். கெலிங் என்பார்கள். எங்கள் ஆட்களை இழிவாகச் சொல்கிற சொல் அது. அதை உரக்கச் சொல்ல மாட்டார்கள், பாட்டுப் போல மெதுவாக, ஆசிரியர் எழுதும் பக்கம் திரும்பியிருக்கும்போது சொல்வார்கள். ஒருமுறை வகுப்பாசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. விளையாட்டுக்குச் சொல்கிறார்கள், நீ பெரியவள்தானே, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று தோளில் தட்டி அனுப்பினார்.

கட்டொழுங்கு ஆசிரியர் வேறு மாதிரி. உயரமான மனிதர். நீலக் கைப்பிடி போட்ட கத்தரிக்கோல் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். நீள முடி, நகம், மோதிரம், சங்கிலி, கயிறு எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது. எல்லாப் பிள்ளைகளிடமும் அவர் கடுமைதான், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் எங்களிடம் பேசும்போது மட்டும் கூடுதலாக ஒரு வாக்கியம் வரும். சீனப் பையனுக்கு முடி நீளமாக இருந்தால் வெட்டுவார். தமிழ்ப் பையனுக்கு நீளமாக இருந்தால் வெட்டிவிட்டு, பெரியவனானதும் எந்தக் குண்டர் கும்பலில் சேரப் போகிறாய் என்றும் கேட்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் வரும் நடைபாதையில் நாங்கள் நடக்க மாட்டோம்.

அக்கா அதே பள்ளியில் படிவம் ஐந்து, கடைசி வருடம். அவள் மாணவர் தலைவி. மாணவர் தலைவர்களில் அவள் ஒருத்திதான் தமிழ். காலையில் வாயிற்கதவில் நின்று மற்றவர்களின் நகத்தையும் கையையும் பார்க்கும் வேலை அவளுக்கு. அந்த வருடம் பள்ளி திறந்த முதல் நாளே அவள் வழக்கமான கையில்லாச் சீருடையான பினஃபோரை விட்டுவிட்டு, மாணவர் தலைவிகளுக்கான நீல நிறப் பாஜு கூரோங்குக்கு மாறிவிட்டாள். அது மணிக்கட்டைத் தாண்டி வரும் கை வைத்த உடை. சட்டைக் கையை உள்பக்கம் ஒரு ஊக்கால் குத்தி வைத்துக்கொள்வாள். அதற்குள்தான் அவளுடைய காப்பு இருந்தது. எனக்கோ அரைக்கைச் சட்டையும், அவள் போட்டுக் கழித்த பினஃபோரும்.

"நீ மட்டும் தப்பிச்சிக்கிற. எனக்கும் அந்த மாதிரி ஒன்னு குடேன்."

"அது பிரிபெக்ட் சட்டைடி, நீ போட முடியாது. பிளாஸ்திரி ஒட்டிக்க. நான் வாசல்ல இருக்கப்ப பாக்காத மாதிரி விட்டுடுறேன்."

"பிடிச்சிட்டாங்கன்னா?"

"வாய மூடிக்கிட்டு இரு லா. இந்த ஒரு வருஷம்தான். என் பேரு கெடாம முடிக்கணும்."

அவளுக்கு மருந்தாளர் ஆக வேண்டும். அதற்கு மெட்ரிக்குலேஷன் வகுப்பில் இடம் கிடைக்க வேண்டும். அரசாங்கச் செலவில் ஒரு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போகும் வழி அது. எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே இடங்கள் குறைவு. புள்ளிகள் மட்டும் போதாது, பள்ளியில் வகித்த பொறுப்பும் நடத்தைச் சான்றும் வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். சட்டையில் குத்தியிருந்த மாணவர் தலைவிச் சின்னத்தை அவள் தினமும் பற்பசை போட்டுத் துலக்குவாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். மற்றவர்கள் கையைத் திருப்பிப் பார்க்கிறவள் தன் கையை மறைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நான் பிளாஸ்திரி ஒட்டினேன். வியர்வையில் அது உரிந்து, மஞ்சள் கறை சட்டையில் இறங்கியது. அப்பாவின் பழைய கைக்கடிகார வாரைக் கட்டினேன், அது பெரிதாக இருந்து முழங்கைக்கு ஓடியது. என் பக்கத்தில் உட்காரும் மலாய்ப் பெண் இதை நான்கைந்து நாள் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தன் அக்கா நெட்பால் ஆடும்போது போடும் கைப்பட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசைக்கடியில் என் மடியில் வைத்தாள். அது கச்சிதமாகப் பொருந்தியது. அதன் பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. ஒவ்வொரு பாட இடைவேளையிலும் கழிப்பறைக்குள் போய்ப் பட்டையை விலக்கி, மூன்று முடிச்சும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பேன். தொட்டுத் தொட்டே நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிய ஆரம்பித்தது. பிறகு தொடவும் பயம், தொடாமல் இருக்கவும் பயம். மாலையில் மருத்துவமனைக்குப் போனால் முதலில் அப்பாவின் காலைப் பார்ப்பேன், பிறகு என் கையைப் பார்ப்பேன்.

பதினோரு நாள் மிச்சமிருந்த ஒரு திங்கட்கிழமை அது நடந்தது. சபைகூடல் முடிந்து வகுப்புக்கு வந்தோம், ஆசிரியர் இன்னும் வரவில்லை. பின் வரிசைப் பையன் ஒருவன் பின்னாலிருந்து வந்து என் கைப்பட்டையை உருவிவிட்டான். நூலைப் பார்த்ததும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேய்க்கயிறு, பேய்க்கயிறு என்று கத்திக்கொண்டு விரலை நூலுக்கடியில் விட்டு இழுத்தான். நூல் தோலில் இறங்கியது. அறுபடவில்லை. நான் யோசிக்கவில்லை. பென்சில் பெட்டியால் அவன் வாயில் அடித்தேன். அது தகரப் பெட்டி.

பத்து நிமிடத்தில் இருவரும் கட்டொழுங்கு அறையில் நின்றோம். அவன் உதடு வீங்கியிருந்தது, ஆனாலும் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆசிரியர் அவன் உதட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அவன் என்ன செய்தான் என்று கேட்கவில்லை. என் பெயரைப் பதிவேட்டில் தேடி, யாரையோ அனுப்பி அக்காவை வரவழைத்தார்.

அக்கா கதவருகில் வந்து நின்றதும் எனக்கு மூச்சு வந்தது. வந்துவிட்டாள், இனிப் பேசுவாள் என்று நினைத்தேன். ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

உன் தங்கைதானே, நீயே வெட்டு என்று மலாயில் சொன்னார். மாணவர் தலைவி என்றால் ஒழுங்கு வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கூடுதல் வாக்கியம் வந்தது. உங்கள் ஆட்கள் போகிற இடத்தையெல்லாம் கோயிலாக்கிவிடுகிறீர்கள், இது பள்ளிக்கூடம்.

அக்கா கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். என் பக்கம் வந்து இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. வலக்கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதன் நீலக் கைப்பிடி ஆசிரியரின் மேசைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அப்பாவின் கால் மட்டும்தான் நினைவில் நின்றது.

"கக்காக் பூன் அடா!" என்று கத்தினேன். அக்கா கையிலும் இருக்கிறது.

ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார்ந்து படித்த மலாயில், தடுமாறாமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

பையனின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆசிரியர் அக்காவைப் பார்த்தார், கையை உயர்த்திக் காட்டு என்றார். அக்கா என் மணிக்கட்டை விட்டாள். கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். சட்டைக் கையின் உள்பக்கம் இருந்த ஊக்கைக் கழற்றி அதையும் பக்கத்தில் வைத்தாள். துணியை மடித்து முழங்கை வரை ஏற்றினாள். அவளுடைய காப்பு என்னுடையதைப் போலப் பிரியாமல், கட்டிய அன்று இருந்தபடியே மஞ்சளாக இருந்தது.

பிறகு பேசினாள். அவளுடைய மலாய் எப்போதும் வானொலிச் செய்தி மாதிரி இருக்கும். ஆசிரியரை அழைக்கும் சிகு என்ற சொல்லோடு மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். எங்கள் அப்பா மருத்துவமனையில் இருக்கிறார், இது அவருக்காகக் கட்டியது, இன்னும் பதினோரு நாளில் நாங்களே அவிழ்த்துவிடுவோம். இவள் கையிலிருப்பதை நான் வெட்ட மாட்டேன், என் கையிலிருப்பதையும் வெட்ட மாட்டேன். விதியை மீறியதாக எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பையன் இவளை ஆறு மாதமாக, ஒரு வருடமாக என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

அவன் என் வகுப்புக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எனக்கு முந்தின வருடமும் பெயர் வைத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் வேறு பையன்கள். அக்கா எல்லாரையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அவள் கணக்கில் பிழை விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆசிரியர் பதிவேட்டை மூடினார். பிறகு, சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போ, நாளை உன் அம்மா வரட்டும் என்றார். அக்கா கழற்றி வைத்தாள். சட்டையில் இரண்டு சிறு துளைகள் தெரிந்தன.

மறுநாள் அம்மா கையுறைத் தொழிற்சாலையின் சீருடையிலேயே வந்தாள். முழங்கை வரை வெள்ளைத் தூள். முதல்வர் நடுவயது மலாய் அம்மையார். அவர் அம்மாவை உட்காரச் சொல்லி, அப்பாவின் காலைப் பற்றி முதலில் விசாரித்தார். அக்கா மொழிபெயர்க்க நின்றிருந்தாள். அம்மா அவளைக் கையமர்த்திவிட்டு, சந்தையில் பேசித் தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், மீன் விலை பேசுவது போலவே பேசினாள். தன் காப்பைக் காட்டினாள். தொழிற்சாலையில் இயந்திரத்துக்குள் கையை விடுகிற என்னையே மேலாளர் இதைக் கழற்றச் சொல்லவில்லை, எழுத்துப் படிக்கிற பிள்ளைக்கு இது எங்கே மாட்டும் என்று கேட்டாள். அப்புறம் அந்தச் சொல்லையும் சொன்னாள். கெலிங். உங்கள் அறையில் உட்கார்ந்து சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது, என் பிள்ளை தினமும் கேட்கிறாள் என்றாள்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தைப்பூசம்வரை காப்பு இருக்கலாம், ஆனால் மறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். பையன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். வீங்கிய உதட்டோடு அவன் கேட்டதால் எனக்கு அது நன்றாகவே இருந்தது. அடித்ததற்காக நானும் அவனிடம் கேட்க வேண்டியிருந்தது. கட்டொழுங்கு ஆசிரியரை அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்காவின் சின்னத்தைப் பற்றிய பேச்சு வந்தபோது, அதை நிர்வாகம் முடிவு செய்யும் என்றார்கள்.

அன்று நான் குதித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். ஏழு மாடிக்கும் கதையைச் சொன்னேன். நான் மட்டும் கத்தியிருக்காவிட்டால் நூல் போயிருக்கும், அக்கா வெட்டியிருப்பாள், சரியான நேரத்தில் அவளை மாட்டிவிட்டேன், அதனால்தான் அவளும் வாயைத் திறந்தாள் என்றேன். பக்கத்து வீட்டு ஆன்டி, "நீ கெட்டிக்காரிடி" என்று முறுக்குக் கொடுத்தாள். அக்கா கேட்டுக்கொண்டே சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீல உடை அல்ல, பழைய பினஃபோர்.

தைப்பூசத்தன்று கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பத்துமலைப் படியேறினோம். பால் ஊற்றினோம். அங்கேயே காப்பை அவிழ்த்தார்கள். அப்பாவின் கால் தப்பியது. மூன்று விரல்கள் போயின. காலை முருகன் காப்பாற்றினான் என்றும், விரல்கள் போனதற்குத் தன் விரதத்தில் நேர்ந்த பிசகுதான் காரணம் என்றும் அம்மா சொன்னாள். தொழிற்சாலையில் யாருக்கோ பிறந்தநாள் என்று கொடுத்த கேக்கில் முட்டை இருந்ததைத் தின்ற பிறகுதான் கேட்டாளாம். அப்பா, நல்லவேளை கேக்கை ஒரு துண்டோடு விட்டாய் என்றார்.

சின்னம் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் அக்காவுக்கு மெட்ரிக்குலேஷனும் வரவில்லை. அதனால்தான் வரவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நல்ல புள்ளி எடுத்தும் கிடைக்காதவர்கள் எங்கள் மாடியிலேயே இருந்தார்கள். அவள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசையில் சேர்ந்தாள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். நான் படிவம் மூன்றோடு நின்றுவிட்டு ஊர் ஊராகக் கிளம்பினேன். நாங்கள் இருவரும் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. எனக்கு அது நான் வென்ற கதையாகவே வெகுகாலம் இருந்தது.

ஜொகூர் துணி ஆலையில் சேர்ந்த முதல் நாள், பிசிறு வெட்டும் பிரிவின் மேற்பார்வைக்காரி என்னை அழைத்து ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தாள். எனக்கு அடுத்த மேசைக்காரி கேட்டாள் என்று நான் அதைக் கூர்முனை முன்னால் இருக்க அப்படியே நீட்டினேன். மேற்பார்வைக்காரி என் கையைத் தட்டினாள்.

"அப்படி குடுக்காத மா. வெட்டுறப்பதான் கைப்பிடிய நீ பிடிக்கணும். திருப்பிக் குடுக்கறப்ப கத்திய மூடி உள்ளங்கையில வச்சிக்க, கைப்பிடி அவங்க பக்கம் இருக்கணும்."

சரி என்று அதேபோல் பிடித்துக் காட்டினேன். மூடிய கத்திப் பக்கம் என் உள்ளங்கையில் இருந்தது, கைப்பிடி அடுத்த மேசையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. மேற்பார்வைக்காரி ஆமாம், இப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அன்று அக்காவின் கையிலும் நீலக் கைப்பிடி இப்படித்தான் ஆசிரியர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கத்தரிக்கோலைக் கொடுக்காமல் பிடித்தபடியே நின்றிருந்தேன். பக்கத்து மேசைக்காரி இரண்டு தடவை கூப்பிட்டாள்.